சிறு நிறுவனத்துக்கு நாஸ் வாங்கும் முன்

சிவகாசியில் எட்டுக் கணினிகள் உள்ள ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பாளர்கள் நால்வர், பிளேட் எடுப்பவர் ஒருவர், ஆர்டர் பிடிப்பவர் ஒருவர், கணக்கர் ஒருவர், உரிமையாளர் ஒருவர். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் சூடுபிடிக்கும் வேலை மார்கழி முடியும்வரை ஓயாது. சென்ற ஆண்டு நகைக்கடைக்குப் போட்ட முருகன் படத்தையே சிறிது மாற்றித் தாருங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால், அந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் கழியும். ஒரே கோப்பு நான்கு கணினிகளில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று வெவ்வேறு பெயர்களில் கிடக்கும். அவற்றுள் எது அச்சுக்குப் போனது என்பது அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். அவர் அன்று பார்த்து விடுப்பில் இருப்பார்.

இதற்குத் தீர்வாகப் பலரும் பரிந்துரைக்கும் கருவிதான் 'நாஸ்' எனப்படும் பிணையச் சேமிப்பகம். இரண்டு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய அளவில் இருக்கும் இந்தப் பெட்டி, உண்மையில் திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணினி. அதற்குள் ஹார்டு டிஸ்குகளைச் செருக இரண்டோ நான்கோ அறைகள் இருக்கும். அலுவலகக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இதில் மாட்டிவிட்டால், எல்லாக் கணினிகளிலும் இதிலுள்ள ஃபோல்டர்கள் இன்னொரு டிரைவ் போலத் தோன்றும். யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் திருத்தலாம், யார் கண்ணுக்கு எது தெரியவே கூடாது என்பனவற்றை ஒரே இடத்தில் வரையறுக்கலாம். யூஎஸ்பியில் செருகும் வெளி டிஸ்குக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான்: வெளி டிஸ்க் ஒரு கணினியின் உடைமை, நாஸ் அலுவலகம் முழுவதற்கும் பொதுவானது.

விண்டோஸ் கணினியும் இந்தப் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து, பின்னர் மைக்ரோசாஃப்ட்டால் வளர்க்கப்பட்ட நெறிமுறை அது. விண்டோஸ் அல்லாத கருவிகளும் அதே மொழியைப் பேசும்படி ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் 1991 இறுதியில் எழுதத் தொடங்கிய 'சாம்பா' என்ற கட்டற்ற மென்பொருள், இன்று சந்தையில் உள்ள பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் இயங்குகிறது. ஆகவே எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்கினாலும் கோப்பைப் பகிரும் அடிப்படை வேலையில் பெரிய வேறுபாடு இராது. வேறுபாடு வேறு இடங்களில் இருக்கிறது. அவற்றைத்தான் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு நாஸ் தேவைதானா? இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள அலுவலகத்தில், சொற்கோப்புகளும் விரிதாள்களுமாகச் சில பத்து ஜிகாபைட் தரவே இருந்தால், கோப்புகளை இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கும், மாதக் கட்டணத்தில் கிடைக்கும் மேகச் சேமிப்பே போதும். அதற்காகப் பெட்டி வாங்கிப் பராமரிப்பது வீண்செலவு. கோப்புகள் பெரியவையாக, தரவு டெராபைட் கணக்கில் இருக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. விநாடிக்கு 50 மெகாபிட் பதிவேற்ற வேகம் உள்ள இணைப்பில் 4 டெராபைட் தரவை மேகத்துக்கு ஏற்ற, இணைப்பு ஒரு நொடியும் நிற்காமல் ஓடினாலும் ஏழு நாட்களுக்கு மேல் ஆகும். அச்சகம், ஒளிப்பட நிலையம், கட்டட வரைபட அலுவலகம், ஸ்கேன் மையம், பல ஆண்டுக் கோப்புகளை வைத்திருக்கும் தணிக்கையாளர் அலுவலகம் ஆகியவற்றுக்கு நாஸ் பொருந்திவருவது இதனால்தான்.

எவ்வளவு இடம் வேண்டும்

கொள்ளளவை ஊகத்தால் முடிவு செய்யாமல் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள ஒரு தாள் காலண்டரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் வடிவமைத்தால், அதில் 6,000 பெருக்கல் 9,000, அதாவது 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள் இருக்கும். நான்கு வண்ண அச்சில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் தேவை. ஆக ஒரே அடுக்கு உள்ள படத்துக்கே 216 மெகாபைட் ஆகிறது. சாமி படம் ஓர் அடுக்கு, பின்னணி ஓர் அடுக்கு, கடைப் பெயர் ஓர் அடுக்கு, மினுமினுப்பு ஓர் அடுக்கு என்று சேரும்போது ஒரு கோப்பு ஒரு ஜிகாபைட்டை எளிதாக எட்டும்.

இப்போது எல்லாக் கணினிகளிலும் உள்ள வேலைக் கோப்புகளைக் கூட்டினால் ஒன்றரை டெராபைட் வருகிறது என்றும், ஆண்டுக்கு அரை டெராபைட் கூடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் நான்கு டெராபைட். டிஸ்கை விளிம்புவரை நிரப்பினால் வேகம் குறையும். கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்து வைப்பதற்கும் இடம் வேண்டும். எனவே ஆறு டெராபைட் பயன்படு இடம் என்று திட்டமிடுவது பொருத்தம். இங்கே ஒரு சிறு குழப்பம் எழும்: 4 டெராபைட் என்று அச்சிட்ட டிஸ்கைக் கணினியில் மாட்டினால் விண்டோஸ் 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது. அவ்வளவே.

எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமும் ஓரளவு முடிவு செய்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் பேண வேண்டும் என்பதோடு, மின்னணு வடிவிலான கணக்குகளின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் அன்றாடம் எடுக்கப்பட வேண்டும் என்று 2022-இல் திருத்தப்பட்ட விதி கூறுகிறது. தனிநபர் உரிமையில் நடக்கும் அச்சகத்துக்கு இந்த இரண்டாவது விதி பொருந்தாது. ஆயினும் அதைப் பின்பற்றுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

ரெய்டு: அது காப்பது எதை?

ரெய்டு என்றதும் நம் ஊர் வணிகர்களுக்கு வருமானவரித் துறைதான் நினைவுக்கு வரும். இது வேறு. விலை மலிந்த சிறு டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி ஒரே பெரிய டிஸ்க் போல இயக்கும் முறை இது; கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் இந்தப் பெயர் நிலைத்தது. கடையில் காதில் விழும் ரெய்டு 1, ரெய்டு 5 போன்ற எண்களின் பொருளை இங்கே புரிந்துகொள்வது பயன்தரும், ஏனெனில் நீங்கள் எத்தனை அறை உள்ள பெட்டி வாங்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

இரண்டு டிஸ்குகளில் ஒரே தரவை அப்படியே இரட்டையாக எழுதுவது ரெய்டு 1. எட்டு டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் எட்டு டெராபைட்தான் கிடைக்கும்; ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்குகளில் தரவைப் பிரித்து எழுதி, அதோடு ஒரு டிஸ்க் அளவுக்குச் சரிபார்ப்புத் தகவலையும் பரப்பி எழுதுவது ரெய்டு 5. நான்கு டெராபைட் டிஸ்க் நான்கு போட்டால் பன்னிரண்டு டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும். அதே நான்கில் எட்டு டெராபைட்டை மட்டும் பயன்படுத்தி, எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவது ரெய்டு 6. ரெய்டு 0 என்பதில் பாதுகாப்பே கிடையாது. ஒன்று போனால் எல்லாம் போயிற்று. அலுவலகத்தில் அதற்கு இடமில்லை.

பழுதான டிஸ்கை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகியதும் பெட்டி, மற்ற டிஸ்குகளைப் படித்துப் புதிய டிஸ்கில் தரவை மீண்டும் கட்டியெழுப்பும். விநாடிக்கு 150 மெகாபைட் என்ற நல்ல வேகத்தில் போனாலும் எட்டு டெராபைட் டிஸ்க் நிரம்பப் பதினைந்து மணி நேரம் ஆகும். நடுவே ஊழியர்களும் வேலை செய்துகொண்டிருந்தால் நாள் கணக்கில் நீளும். அந்த நேரம் முழுவதும் எஞ்சிய டிஸ்குகள் கடுமையாக உழைக்கின்றன. அவையும் பழுதானதோடு ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கியவை. அதே வயது, அதே தேய்மானம். ரெய்டு 5-இல் இந்த இடைவெளியில் இன்னொன்று போய்விட்டால் மீட்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே பெரிய டிஸ்குகளை நான்காக அடுக்குவோர் ரெய்டு 6-க்குப் போவது நல்லது. ஆறு டெராபைட் போதும் என்ற நம் அச்சகத்துக்கோ, எட்டு டெராபைட் டிஸ்க் இரண்டை இரட்டையாக வைக்கும் ரெய்டு 1 முறையே எளிமையானது, மலிவானது. எதிர்காலத்தில் வளர இடம் வேண்டும் என்றால் நான்கு அறைப் பெட்டியை வாங்கி இரண்டு அறைகளைக் காலியாக விடலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, நாஸ் வாங்குவோரில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரெய்டு பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் நடக்க அது உதவுகிறது. அதற்கு மேல் அது எதற்கும் பொறுப்பேற்பதில்லை. ஊழியர் ஒருவர் தவறுதலாக 2023 ஆம் ஆண்டு ஃபோல்டரை அழித்தால், அந்த அழிப்பு இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் உண்மையாக நிறைவேற்றப்படும். வைரஸ் கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். பெட்டியையே திருடன் தூக்கிச் சென்றாலோ, அறையில் தீப்பிடித்தாலோ, 2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்ததுபோல் தரைத்தளத்தில் வெள்ளம் புகுந்தாலோ, இரண்டு டிஸ்க் என்ன, எட்டு டிஸ்க் இருந்தாலும் எட்டும் ஒன்றாகவே போகும்.

இரண்டாம் பிரதி எங்கே இருக்கும்?

எந்த நிறுவனத்தின் பெட்டி, எந்த மாதிரி என்று கேட்கும் முன், இந்தக் கேள்விக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தரவுக்கு மூன்று பிரதிகள், அவை இரு வேறு வகைச் சேமிப்புகளில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பது துறையில் நெடுநாளாக வழங்கும் விதி. சிறு நிறுவனத்தில் இதை நடைமுறைப்படுத்த மலிவான வழி, இரண்டு வெளி யூஎஸ்பி டிஸ்குகள். நாஸ் பெட்டியின் பின்புறம் உள்ள யூஎஸ்பி துளையில் ஒன்று செருகியிருக்கும். ஒவ்வோர் இரவும் மாறிய கோப்புகள் மட்டும் தாமாகவே அதில் ஏறும். சனிக்கிழமை மாலை உரிமையாளர் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று, வீட்டில் இருந்த மற்றதைத் திங்கட்கிழமை கொண்டுவந்து செருகுவார். கழற்றி வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொட முடியாது. மிகச் சாதாரண ஏற்பாடுதான். ஆனால் இதைத் தொடர்ந்து செய்யும் அலுவலகத்தின் இரண்டு அறைப் பெட்டி, பேக்கப் இல்லாத அலுவலகத்தின் நான்கு அறைப் பெட்டியைவிடப் பாதுகாப்பானது.

கணக்குக் கோப்புகள், ஆர்டர் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் போன்றவை மிகச் சிறியவை. ஆனால் இழந்தால் ஈடு செய்ய முடியாதவை. அவற்றை மட்டும் மேகத்துக்கும் அனுப்பிவிடலாம். அனுப்பும் முன்பே பெட்டி அவற்றைக் குறியாக்கம் செய்யும் (கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றும்) வசதி பெரும்பாலான நாஸ்களில் உண்டு. அந்தக் குறியாக்கக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் பீரோவில் வையுங்கள். நாஸுக்குள்ளேயே ஒரு கோப்பாக அதைச் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஸ்னாப்ஷாட். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தனவோ அந்த நிலையைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இது. முழுப் பிரதி எடுப்பதில்லை. அதன்பின் மாறிய பகுதிகளின் பழைய வடிவத்தை மட்டும் விட்டுவைக்கிறது, ஆகவே அதிக இடம் பிடிப்பதில்லை. காலை பத்து மணிக்குச் சரியாக இருந்த முருகன் படத்தைப் பதினொன்றரைக்கு ஒருவர் கெடுத்துச் சேமித்துவிட்டால், பத்து மணி நிலையிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் சில நொடிகளில் மீட்கலாம். அன்றாட வாழ்க்கையில் டிஸ்க் பழுதைவிட இத்தகைய கைத்தவறுகளே அதிகம் என்பதால், நாஸ் வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதையே முதன்மையாகக் கருதுகிறேன். பல பெட்டிகளில் இதற்கு பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை, அதாவது டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை, தேவை; சில நிறுவனங்களின் மிக மலிவான மாதிரிகளில் இது கிடையாது. விவரப் பட்டியலில் ஸ்னாப்ஷாட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

டிஸ்கும் பெட்டியும்

நாஸ் பெட்டியின் விலையில் பெரும்பாலும் டிஸ்க் சேர்ந்திருக்காது என்பதைப் புதியவர்கள் கடையில்தான் அறிகிறார்கள். இரண்டு நல்ல டிஸ்குகளின் விலை பல நேரங்களில் பெட்டியின் விலையையே தாண்டும். அங்கே மிச்சம் பிடிப்பதற்காக மேசைக் கணினிக்கான டிஸ்கைப் போடக் கூடாது. சீகேட்டின் ஐயர்ன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், தோஷிபாவின் என்300 போன்றவை இரவு பகலாக ஓடவும், பக்கத்து அறை டிஸ்கின் அதிர்வைத் தாங்கவும் வடிவமைக்கப்பட்டவை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்கில் தரவைத் தடங்களாக எழுதும்போது, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின்மேல் ஏறி நிற்பதுபோல், ஒரு தடத்தின் விளிம்பை அடுத்த தடம் மூடும்படி நெருக்கி எழுதும் முறைக்கு எஸ்எம்ஆர் என்று பெயர். குறைந்த இடத்தில் அதிகம் எழுதலாம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்த ஓடுகளையும் நகர்த்த வேண்டும் அல்லவா? அதேபோல் நடுவில் ஒன்றைத் திருத்த, பக்கத்துத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. தொடர்ந்து எழுதும் ரெய்டு மீள்கட்டமைப்பில் இத்தகைய டிஸ்க் தவழத் தொடங்கும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்குகளில் இந்த முறையை வெளிப்படையாகச் சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னர்தான் பழைய முறையில் எழுதும் டிஸ்குகளை அந்நிறுவனம் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது. விவரப் பட்டியலில், அந்தப் பழைய முறையைக் குறிக்கும் சிஎம்ஆர் என்ற சொல் இருப்பதை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கேமரா பதிவுக்கென விற்கப்படும் டிஸ்கை, கையிருப்பு இருக்கிறது என்பதற்காகக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார், மறுத்துவிடலாம்.

பெட்டியைப் பொறுத்தவரை தைவானைச் சேர்ந்த சினாலஜி, க்யூநாப், அசுஸ்டோர் ஆகியவை இந்தச் சந்தையில் நெடுநாளாக இருப்பவை. வன்பொருளில் அவற்றுக்குள் உள்ள வேறுபாட்டைவிட மென்பொருள் எளிமையிலும், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதிலும் உள்ள வேறுபாடே பெரிது. ஐந்தாண்டுக்கு முன் அறிமுகமான மாதிரி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், அதன் ஆயுளில் பாதி கழிந்துவிட்டது என்று பொருள். டிஸ்க் பொருத்தப் பட்டியலையும் வாங்கும் நாளில் பாருங்கள்: 2025-இல் சினாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் சான்றளித்த டிஸ்குகளையே போட வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்து, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் அதைத் தளர்த்தியது. ஒரு முறை நடந்தது மறுமுறை வேறு நிறுவனத்திலும் நடக்கலாம்.

பழைய கணினி ஒன்றில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி நாஸ் ஆக்கிக்கொள்வதும் உண்டு. தொழில்நுட்பம் தெரிந்தவர் அலுவலகத்திலேயே இருந்தால் சிறப்பான வழி. அமைத்துக் கொடுத்த தம்பி வேலைக்கு வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் வேண்டாம். செயலி, நினைவகம் பற்றிச் சிறு நிறுவனம் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. எட்டுப் பேர் கோப்புகளைப் பகிர்வதற்குத் தற்கால நடுத்தரப் பெட்டி எதுவும் போதும்.

கேபிளும் மின்சாரமும்

புதிய நாஸ் மந்தமாக இருக்கிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் குற்றம் நாஸில் இருக்காது. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஸ்விட்சில் இருக்கும். விநாடிக்கு 100 மெகாபிட் ஸ்விட்ச் வழியே நடைமுறையில் சுமார் 11 மெகாபைட்தான் போகும். ஒரு ஜிகாபைட் கோப்பைத் திறக்க ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஜிகாபிட் ஸ்விட்சில் அதே கோப்பு பத்து நொடிக்குள் வந்துவிடும். கேபிள் கேட்-5இ தரத்தில் இருந்தால் ஜிகாபிட்டுக்குப் போதும். 2016-இல் தரப்படுத்தப்பட்ட 2.5 ஜிகாபிட் வேகத்தையும் அதே கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும். வடிவமைப்பாளர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைத் திறப்பவர்கள் என்றால், 2.5 ஜிகாபிட் துளை உள்ள பெட்டியும் அதற்கேற்ற ஸ்விட்சும் வாங்கும் கூடுதல் செலவு நியாயமானதே. வைஃபையை நம்பி இந்த வேலையைத் திட்டமிட வேண்டாம்.

மின்சாரம் இன்னும் முக்கியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்தடை ஏற்பட்டால் கோப்பு முறைமையே சிதையக்கூடும். அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மின்விசிறிக்கும் விளக்குக்கும் பயன்படும் சாதாரண இன்வெர்ட்டரில், மின்சாரம் பேட்டரிக்கு மாறும் கண நேர இடைவெளியிலேயே கணினி வகைக் கருவிகள் அணைந்து எழக்கூடும். நாஸுக்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்து ஒரு சிறு யூபிஎஸ் வாங்கி, யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை நாஸில் செருகிவிட்டால், மின்தடை நீடிப்பதை உணர்ந்து நாஸ் எல்லாவற்றையும் எழுதி முடித்துத் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். யூபிஎஸ் வாங்கும்போது, இந்த யூஎஸ்பி தொடர்பு உள்ள மாதிரியா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்டியை அச்சு இயந்திரம் ஓடும் கூடத்தில் வைக்காதீர்கள். அங்கே பறக்கும் காகிதத் தூள் சில மாதங்களில் விசிறியை அடைத்துவிடும்.

இணையத்துக்கு வாசல் திறக்காதீர்கள்

வீட்டிலிருந்தே கோப்பைப் பார்க்கலாம் என்பது விற்பனையாளர் ஆசை காட்டும் வசதி. அதற்காக ரவுட்டரில் ஒரு துளையைத் திறந்து நாஸை நேரடியாக இணையத்தில் நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. 2014 ஆகஸ்டில் சினாலஜி பெட்டிகளைக் குறிவைத்த சினோலாக்கர், 2021 ஏப்ரலில் க்யூநாப் பெட்டிகளைத் தாக்கிய க்யூலாக்கர், 2022 ஜனவரியில் தொடங்கிய டெட்போல்ட் ஆகிய மூன்றும், இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய நிலையில் இருந்த பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டவை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய பெட்டிகளில் இருந்த தரவை யாரோ இணையம் வழியாகவே துடைத்தழித்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குப் புதுப்பிப்பு 2015-லேயே நின்றுபோயிருந்தது. வெளியிலிருந்து அணுகியே ஆக வேண்டும் என்றால் விபிஎன் எனப்படும், உங்கள் ஆட்களுக்கு மட்டும் திறக்கும் பூட்டிய தனி இணைய வழியாக மட்டும் அணுகும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

உள்ளேயும் எல்லோருக்கும் எல்லா உரிமையும் தேவையில்லை. வடிவமைப்பாளர் நால்வருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கணக்கு ஃபோல்டர் கணக்கருக்கும் உரிமையாளருக்கும் மட்டும் தெரியுமாறு வைத்து, ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவரது கணக்கை மூட வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் வைத்த நிர்வாகிக் கடவுச்சொல்லை அவர் வாசலைத் தாண்டியதும் மாற்றிவிடுங்கள். இதில் அவர் வருத்தப்பட ஒன்றுமில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவை நாஸில் வைத்தே இயக்குவதா, அல்லது கணக்கர் கணினியில் வைத்துக்கொண்டு பேக்கப்பை மட்டும் நாஸுக்கு அனுப்புவதா என்பதை அந்த மென்பொருளை உங்களுக்கு விற்றவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஓயாமல் எழுதப்படும் தரவுக்கோப்பும் ஒரு படக் கோப்பும் ஒன்றல்ல.

டிஸ்க் உத்தரவாதக் காலத்தில் பழுதானால் நிறுவனம் பழையதை வாங்கிக்கொண்டுதான் மாற்று டிஸ்க் தரும்; உங்கள் வாடிக்கையாளர்களின் கோப்புகளும் அதோடு போகும். முதல் நாளே சேமிப்புப் பகுதியைக் குறியாக்கத்தோடு உருவாக்கியிருந்தால் அந்தக் கவலை இல்லை. பெரும்பாலான பெட்டிகளில், ஏற்கெனவே நிரம்பிய சேமிப்பைப் பின்னால் குறியாக்கம் செய்வது தரவை வெளியே எடுத்து மீண்டும் ஏற்றும் பெரிய வேலையாகிவிடும்.

பொங்கல் முடிந்து காலண்டர் வேலை அடங்கிய ஒரு நாளில், வீட்டிலிருக்கும் பேக்கப் டிஸ்கைக் கொண்டுவந்து, நாஸைத் தொடாமல், அதிலுள்ள இரண்டு ஆண்டுக்கு முந்தைய காலண்டர் கோப்பு ஒன்றையும் சென்ற மாதக் கணக்கு ஒன்றையும் வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். வடிவமைப்பாளர் ஒருவரும் கணக்கரும் பக்கத்தில் இருக்கட்டும்; திறந்தது சரியான கோப்புதானா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.